மார்கழி விடியலும் 160 மீட்டரும்

160 மீட்டர் அலைவரிசையில் (1.8 மெகாஹெர்ட்ஸ்) ஐரோப்பா கிடைக்கவில்லை என்று அலுத்துக்கொள்ளும் ஹாம்களில், அதாவது பொழுதுபோக்கு வானொலிக்காரர்களில், பாதிப் பேர் பவர் போதவில்லை என்பார்கள், மீதிப் பேர் இடம் போதவில்லை என்பார்கள். இரண்டிலும் கொஞ்சம் நியாயம் உண்டு. ஆனால் தென்னிந்தியாவிலிருந்து கீழ்ப் பேண்டுகளில் (160, 80, 40 மீட்டர்) தூரம் போகாமல் காலை வாருபவை பெரும்பாலும் வேறு இரண்டு. ஒன்று, பாதை திறக்காத நேரத்தில் கூப்பிடுவது. மற்றது, எதிராளி பதில் சொல்லும்போது அது நம் காதில் விழாமல் போவது. நூறு வாட் அனுப்பி, அமெரிக்கா வரை ஆளைக் கூப்பிட்டு எழுப்பிவிட்டு, அவர் பதிலை நம் வீட்டு எல்ஈடி பல்புகளின் இரைச்சலுக்குள் தொலைப்பவர்கள்தான் அதிகம்.

முதலில் நேரம். பகலில் 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் உருவாகும் டி அடுக்கு (அலைகளைத் திருப்பி அனுப்பும் அயனி மண்டலத்தின் அடிப்பகுதி), கீழ் அதிர்வெண்களைத் தின்றுவிடுகிறது. அதிர்வெண் குறையக் குறைய, அந்த இழப்பு ஏறத்தாழ இருமடிக் கணக்கில் ஏறும். 7 மெகாஹெர்ட்ஸில் (40 மீட்டர்) ஒரு டெசிபல் போகிற இடத்தில் 1.8இல் பதினைந்து போகும் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். சூரியன் மறைந்ததும் டி அடுக்கு சில நிமிடங்களில் கரைந்துவிடும். ஆகவே 160 மீட்டருக்கு முதல் விதி இதுதான்: பாதை முழுவதும் இருட்டாக இருக்க வேண்டும். இரண்டு முனைகளிலும் ஒரே சமயம் இரவாக இருக்கும் நேரமே நம் கடை திறந்திருக்கும் நேரம்.

இதைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தால் வியப்பாக இருக்கும். டிசம்பர் 21ஐ எடுத்துக்கொள்வோம். சென்னையில் சூரிய உதயம் சுமார் 6:25, மறைவு 5:47. லண்டனில் சூரியன் மறைவது நம் நேரத்தில் இரவு 9:23. அங்கே விடிவது நமக்கு மதியம் 1:33. ஆக ஐரோப்பா இரவு ஒன்பதரையிலிருந்து நம் விடியல் வரை ஒன்பது மணி நேரம் திறந்திருக்கிறது. தோக்கியோவில் விடிவது நமக்கு அதிகாலை 3:17. மாலை ஆறு மணியிலிருந்தே ஜப்பான் கேட்கத் தொடங்கும், மூன்றே கால் வாக்கில் கடைசியாக ஒரு முறை எழும்பிவிட்டு அடங்கும். இவை இரண்டும் எளிய பாதைகள். ஜப்பான் 6,400 கிலோமீட்டர், திசை வடக்கிலிருந்து வலமாக 56 பாகை. லண்டன் 8,200 கிலோமீட்டர், 320 பாகை.

அமெரிக்காதான் பரீட்சை. நியூயார்க்கில் இருட்டுவது நமக்கு அதிகாலை 3:01. அதிலிருந்து நம் உதயம் வரை மூன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. கிழக்குக் கரைக்கு அந்த இடைவெளிதான் உள்ளது. மேற்குக் கரைக்கு இதே கணக்கு மாலையில் வருகிறது: நம் மறைவு 5:47, சான் பிரான்சிஸ்கோவில் விடிவது நமக்கு இரவு 8:51. அதாவது காபி குடிக்கும் நேரத்தில் கலிபோர்னியா, கோலம் போடும் நேரத்துக்கு முன் நியூயார்க். பலர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு, அதிகாலையில் கலிபோர்னியாவைத் தேடிக்கொண்டிருப்பார்கள். அதிகாலையில் அங்கே இன்னும் பகல்.

இன்னொரு சங்கதி. அந்த நாளில் நியூயார்க் உதயம் நமக்கு மாலை 5:46, நம் மறைவு 5:47. சான் பிரான்சிஸ்கோ மறைவு நமக்குக் காலை 6:24, நம் உதயம் 6:25. தற்செயல் போலத் தெரிந்தாலும் இது வடிவியல். மார்கழியில் சென்னையில் சூரியன் 114 பாகையில் உதிக்கிறது. இருளுக்கும் ஒளிக்கும் நடுவிலான கோடு 24 பாகைப் பக்கமாகப் போகிறது. சான் பிரான்சிஸ்கோ நமக்கு 22 பாகை. மாலையில் அதே கோடு 336 பாகைப் பக்கம் சாய்கிறது. நியூயார்க் 337 பாகை. இரண்டு ஊர்களும் கிரேலைன் எனப்படும் அந்தக் கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கின்றன. 40 மீட்டரில் இந்த நிமிடங்களை நம்பலாம். எதிர்த்திசையில் 202 பாகை வழியாக, பூமியின் மறுபக்கம் சுற்றிப் போகும் நீண்ட பாதையும் சில நாள் திறக்கும். 80இல் நல்ல நாளில் கிடைக்கும். 160இல் கோட்டின் மேலேயே ஓடும் பாதை அபூர்வம். அங்கே முழு இருட்டு இருக்கும் மணிகளையே நம்புங்கள்.

ஜூனில் கடை பாதி நேரம்கூடத் திறப்பதில்லை. லண்டனில் இருட்டவே நமக்கு அதிகாலை 1:51 ஆகிவிடும், இங்கே 5:43க்கு விடிந்துவிடும். போதாக்குறைக்கு மாலை இடிமழையின் படபடப்பு இரவு முழுக்கக் காதை அடைக்கும். சித்திரை, வைகாசியும் அப்படியே. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. ஆக மார்கழிப் பின்பாதி முதல் மாசி முடிய உள்ள காலமே நமக்குச் சீசன். ஜனவரிக் கடைசி வார இறுதியில் நடக்கும் சிக்யூ 160 மீட்டர் சிடபிள்யூ (மோர்ஸ்) போட்டி இதற்குள் விழுவது நம் அதிர்ஷ்டம். அந்த இரண்டு இரவில் பேண்டில் இருக்கும் ஆட்களின் எண்ணிக்கை மற்ற மாதங்களில் கிடைக்காது.

உதயத்தை ஒட்டி வரும் எழுச்சியைத் தவறவிடக் கூடாது. 160இல் அது சூரியன் உதிப்பதற்குப் பத்துப் பதினைந்து நிமிடம் முன் தொடங்கி, உதித்தபின் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். 80இல் இன்னும் கொஞ்சம் நீளும், 40இல் ஒரு மணி நேரம்கூட நிற்கும். இரைச்சலோடு இரைச்சலாகக் கிடந்த சிக்னல் இரண்டு மூன்று எஸ் அலகு (ரிசீவர் மீட்டரின் சிக்னல் அளவு) ஏறி, ஹெட்போனில் பக்கத்து ஊர் போல ஒலித்துவிட்டு, ஒரு கால்சைன் (நிலையத்தின் அழைப்புக்குறி) முடியுமுன் காணாமல் போகும். உதய நேரத்தைச் சென்னைக்குப் பார்த்துவிட்டு கோவையில் உட்கார்ந்தால் பத்துப் பதினைந்து நிமிடம் பிசகும். உங்கள் ஊர் அட்சரேகை, தீர்க்கரேகைக்குக் கணக்கிட்ட நேரத்தையே சுவரில் ஒட்டுங்கள்.

சூரியக் கரும்புள்ளிகள் குறைந்த ஆண்டுகள் இந்தப் பேண்டுக்கு நல்லவை. ஆனால் அன்றாடம் பார்க்க வேண்டியது, பூமியின் காந்தப்புலம் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்று சொல்லும் கே குறியீடு. நியூயார்க் பாதை வடக்கே 68 பாகை அட்சரேகை வரை ஏறி, துருவ ஒளி வளையத்தை உரசிக்கொண்டு போகிறது. கே 0 அல்லது 1 என்று ஓரிரு நாள் தொடர்ந்து நின்றால் அலாரம் வையுங்கள். 4க்கு மேல் போனால் தூங்கலாம். ஐரோப்பாவின் தென்பகுதியும் ஆப்பிரிக்காவும் அப்போதும் வரும். 2024 மே 10, 11 போன்ற பெரும் காந்தப்புயல் நாட்களில் வடக்கு முழுவதையும் மறந்துவிட வேண்டியதுதான்.

இப்போது நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல். பூமியின் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்கோடியை ஒட்டிப் போகிறது. 1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் ஏவப்பட்டதற்கு அந்த இடத்தைத் தேர்ந்ததே இதனால்தான். தமிழ்நாடு முழுவதும் காந்தப்புலம் கிட்டத்தட்டத் தரைக்கு இணையாக, வடக்கு தெற்காகப் படுத்துக் கிடக்கிறது. அதன் வலிமை சுமார் 40,000 நானோடெஸ்லா. எலக்ட்ரான்கள் அந்தப் புலத்தைச் சுற்றும் அதிர்வெண் 1.1 மெகாஹெர்ட்ஸை ஒட்டி வருகிறது. 1.8 அதற்குத் தொலைவில் இல்லை. இதனால் அயனி மண்டலத்துக்குள் நுழையும் அலை இரண்டாகப் பிரியும்போது, ஒன்று பிழைத்துப் போகும், மற்றது வழியிலேயே கரையும். கிழக்கு மேற்காகப் போகும் பாதையில் பிழைப்பது, மின்புலம் வடக்கு தெற்காகக் கிடக்கும் அலை. செங்குத்து ஆண்டெனா அனுப்புவதோ கரையும் ரகத்தை. வடக்கு நோக்கிய பாதையில் இந்தப் பாகுபாடு இல்லை. இரண்டு வகை ஆண்டெனாவும் சமமாகப் பங்கு பெறும்.

அமெரிக்க, ஐரோப்பியக் கையேடுகள் 160க்குச் செங்குத்துதான் ராஜா என்று எழுதும். அவர்கள் ஊருக்கு அது சரி. இங்கே 337 பாகை, 22 பாகை என்று வடக்கை ஒட்டிய பாதைகளுக்குச் செங்குத்து உழைக்கும். கிழக்கே பிலிப்பைன்ஸ், மேற்கே அரபு நாடுகள், ஆப்பிரிக்கா என்று போகும்போது, வடக்கு தெற்காக நீட்டிக் கட்டிய தாழ்ந்த டைபோல் (நடுவில் கேபிள் மாட்டிய படுக்கைக் கம்பி) அதை வெல்வதைப் பார்க்கலாம். முடிந்தால் இரண்டையும் கட்டி, ஒரு சுவிட்சில் மாற்றி மாற்றிக் கேளுங்கள். கேட்டுத் தெரிந்துகொள்வது எந்தக் கையேட்டையும்விட மேல்.

அனுப்பும் ஆண்டெனாவுக்குத் தலைகீழ் எல் வடிவம் போதும். 1.83 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலை சுமார் 39 மீட்டர். 13 முதல் 15 மீட்டர் நேராக ஏற்றி, மீதியைப் படுக்கையாக இழுங்கள். தென்னை மரம் நல்ல தூண்தான், ஆனால் ஈர மரம். கம்பியைத் தண்டிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி நிறுத்த வேண்டும். மட்டை விழும் பாதையைக் கீழிருந்து பார்த்துவிட்டுக் கட்டுங்கள். கம்பியின் தூர முனையை இறுக்கி முடிச்சுப் போடாமல், சிறு கப்பி வழியாக இறக்கி ஒரு செங்கல்லைத் தொங்கவிட்டால், காற்றில் மரம் ஆடும்போது கம்பி அறுவதில்லை. மின்கம்பி பக்கத்தில் போனால் அந்த மரத்தை விட்டுவிடுங்கள்.

ஏமாறுவது எர்த்தில்தான். 14 மீட்டர் உயரத்துக்குக் கதிர்வீச்சுத் தடை (அலையாக வெளியேறும் ஆற்றலுக்கு உரிய தடை) சுமார் 10 ஓம். ஒரே ஒரு எர்த் ராடு அடித்துவிட்டு மீட்டரைப் பார்த்தால் எஸ்டபிள்யூஆர் (கேபிளோடு ஆண்டெனா பொருந்தும் அளவு; ஒன்று என்றால் முழுப் பொருத்தம்) ஒன்று காட்டும், மனம் குளிரும். அதன் பொருள் 10 ஓமோடு மண் இழப்பு 40 ஓம் சேர்ந்து 50 ஆகியிருக்கிறது என்பதே. நூறு வாட்டில் எண்பது மண்புழுவுக்கு. 20 மீட்டர் நீள ரேடியல்களை (ஆண்டெனாவின் அடியிலிருந்து தரையில் விரிக்கும் கம்பிகளை) இரண்டு நான்கு என்று சேர்த்துக்கொண்டே போங்கள். பதினாறு முப்பத்திரண்டு ஆகும்போது மண் இழப்பு 10 ஓம் பக்கம் இறங்கி, மொத்தம் 20 ஆகும், எஸ்டபிள்யூஆர் 2.5க்கு ஏறும். பலர் இங்கே பயந்து ரேடியலைப் பிடுங்கிவிடுகிறார்கள். உண்மையில் அனுப்பும் ஆற்றல் 4 டெசிபல் கூடியிருக்கிறது. பொருத்தத்துக்கு, கம்பியை 48 மீட்டர் வாக்கில் நீட்டி, அடியில் தொடராக ஒரு மாறும் கண்டன்சர் வையுங்கள். நீட்டினால் தடையும் ஏறும். பழைய வால்வு ரேடியோவின் 500 பிஎஃப் கேங் கண்டன்சர் இதற்குப் பொருந்தும். நூறு வாட்டுக்கு மேல் தகடுகளுக்கு நடுவே பொறி பறக்கும். மழை படாத டப்பாவுக்குள் வையுங்கள். எறும்பு குடியேறினாலும் ஒத்திசைவு நகரும்.

கேட்பதற்கு இந்த ஆண்டெனாவை நம்ப வேண்டாம். எல்லாத் திசையிலிருந்தும் இடியையும் பக்கத்து வீட்டு சார்ஜரையும் சேர்த்தே வாரிக்கொண்டு வரும். கேட்கும் ஆண்டெனாவில் முக்கியம் வேண்டாததை விடுவது. சிக்னல் எவ்வளவு பலமாக வருகிறது என்பது இரண்டாம் பட்சம்.

மொட்டை மாடி மட்டும் உள்ளவர்களுக்கு ஃப்ளாக் எனப்படும் செவ்வக வளையம். 4.3 மீட்டர் உயரம், 8.8 மீட்டர் நீளம், அடிக்கம்பி தளத்திலிருந்து 2 மீட்டராவது மேலே. எர்த் தேவையில்லை. ஒரு செங்குத்துப் பக்கத்தின் நடுவில் டிரான்ஸ்ஃபார்மர், எதிர்ப்பக்கத்தின் நடுவில் 900 ஓம் அளவில் ரெசிஸ்டர். டிரான்ஸ்ஃபார்மருக்கு 73 கலவை ஃபெரைட்டில் இரட்டைத் துளையுள்ள பைனாகுலர் கோர், 202 அளவு. ஒரு துளையில் நுழைந்து மறு துளையில் திரும்பி வந்தால் ஒரு சுற்று. டிவி கேபிளான ஆர்ஜி6ஐ 75 ஓம் கேபிளாகப் பயன்படுத்தினால், கேபிள் பக்கம் 2 சுற்று, கம்பி பக்கம் 7 சுற்று. இரண்டு சுருளையும் தனித்தனியாகவே சுற்றுங்கள்; ஒரு முனையைப் பொதுவாக்கினால் கேபிளின் வெளிப்பின்னலே ஆண்டெனாவாகிவிடும், திசைத் தன்மை போய்விடும். அதற்கு மேலும் காவலாக, கேபிளை 31 கலவை ஃபெரைட் வளையத்தில் பத்துப் பன்னிரண்டு சுற்றுச் சுற்றுங்கள். 43 கலவை மேல் பேண்டுகளுக்கு நல்லது; 1.8க்குச் சோடை.

ரெசிஸ்டரின் சரியான மதிப்பைக் கண்டுபிடிக்க ஒரு வழி: முதலில் 2 கிலோஓம் கார்பன் பாட் (திருகி மதிப்பை மாற்றும் ரெசிஸ்டர்) ஒன்றை வையுங்கள். கம்பிச் சுற்று பாட் உதவாது. பகலில், ஆண்டெனாவின் முதுகுப் பக்கம் (ரெசிஸ்டர் உள்ள பக்கம்) இருக்கும் மீடியம் வேவ் நிலையம் ஒன்றை, 1,000 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் இருந்தால் நல்லது, ரிசீவரில் பிடித்து வைத்துக்கொண்டு, மாடியில் ஒருவர் பாட்டை மெதுவாகத் திருப்பட்டும். எஸ் மீட்டர் சட்டென்று குழியில் விழும் இடம் ஒன்று வரும். அங்கே நிறுத்தி, பாட்டைக் கழற்றி மீட்டரில் அளந்து, அதே மதிப்பில் நிலையான ரெசிஸ்டரைப் பற்றவையுங்கள். குழியே வரவில்லையென்றால் தொண்ணூறு விழுக்காடு சமயம் சிக்னல் கேபிள் வெளிப்பின்னல் வழியே கசிகிறது, அல்லது அனுப்பும் கம்பி மிக அருகில் இருந்து திரும்பக் கதிர்வீசுகிறது. கேட்கும்போது அனுப்பும் கம்பியின் அடியை ரிலே ஒன்றால் கழற்றிவிட்டால் பின்னது தீரும்.

ஃப்ளாக்கின் சிக்னல் மிகவும் மெல்லியது. 20 டெசிபல் ப்ரீஆம்ப் (முன்பெருக்கி) வேண்டும். போதுமா என்று பார்க்க, ஆண்டெனாவைப் பிடுங்குங்கள். இரைச்சல் தெளிவாகக் குறைந்தால் போதும். அனுப்பும்போது ப்ரீஆம்ப் உள்ளீட்டை ரிலேயால் துண்டிக்க மறந்தால் முதல் சிக்யூவிலேயே (பொது அழைப்பிலேயே) அது போய்விடும்.

நிலம் உள்ளவர்களுக்கு பெவரேஜ் எனப்படும் நீண்ட, தாழ்ந்த கம்பி ஆண்டெனாதான். 160 முதல் 180 மீட்டர் கம்பி, 2.5 மீட்டர் உயரம், 15 மீட்டருக்கு ஒரு சவுக்குக் கம்பு. அடிக்கும் திசை 330 பாகை; ஒரே கம்பியில் ஐரோப்பாவும் அமெரிக்கக் கிழக்குக் கரையும் அடங்கும். வடமேற்கு முனையில் 470 ஓம் கார்பன் ரெசிஸ்டரும் எர்த் ராடும், தென்கிழக்கு முனையில் ஒன்பதுக்கு ஒன்று டிரான்ஸ்ஃபார்மரும் ராடும். 50 ஓம் கேபிளுக்கு 2 சுற்று, கம்பிக்கு 6. கவனம்: பெவரேஜ் ரெசிஸ்டர் இருக்கும் பக்கத்தை நோக்கிக் கேட்கும், ஃப்ளாக் ரெசிஸ்டருக்கு எதிர்ப்பக்கத்தை நோக்கிக் கேட்கும். இரண்டையும் குழப்பிக்கொண்டு ஆஸ்திரேலியாவை நோக்கிக் கட்டிவிட்டு, ஐரோப்பா வரவில்லை என்று தலையைச் சொறிபவர்கள் உண்டு. பெவரேஜுக்கு மண் மோசமாக இருக்க வேண்டும். மானாவாரிச் செம்மண், கரட்டு நிலம் அதற்கு ஏற்றவை. கடலோர உவர்நிலத்தில் அது மந்தம். அதே உவர்நிலம் அனுப்பும் செங்குத்துக்கு வரம்.

அடுத்து வீட்டு இரைச்சல். ரிக்கை (அனுப்பவும் கேட்கவும் உள்ள ரேடியோவை) 12 வோல்ட் பேட்டரியில் ஓட்டி, மெயின் சுவிட்சை இறக்குங்கள். எஸ் மீட்டர் விழுந்தால் குற்றவாளி வீட்டுக்குள். எம்சிபிகளை ஒவ்வொன்றாக ஏற்றிப் பாருங்கள். வழக்கமாகச் சிக்குபவை: இன்வெர்ட்டர், எல்ஈடி பல்பின் உள்ளே இருக்கும் மலிவு டிரைவர், மின்விசிறியின் எலக்ட்ரானிக் ரெகுலேட்டர், மோடத்தின் அடாப்டர். பேண்டில் பல கிலோஹெர்ட்ஸுக்கு ஒரு முறை மேடு போல வந்து, சூடாகச் சூடாக நகர்ந்தால் அது அடாப்டர் ரகம். 100 ஹெர்ட்ஸ் கரகரப்பாகப் பேண்டு முழுக்க நின்றால் ரெகுலேட்டர் அல்லது தெருக்கம்பம். கம்பத்தில் தளர்ந்த இணைப்பின் பொறி வெயில் காலத்தில் கத்தும், நல்ல மழை பெய்ததும் வாயை மூடும். மழை நாளில் இரைச்சல் குறைந்தால் மகிழ்ந்துவிடாமல் குறித்து வையுங்கள். கையடக்க ரேடியோவை மீடியம் வேவின் மேல் முனையில் காலியான இடத்தில் வைத்துத் தெருவில் நடந்தால் எந்தக் கம்பம் என்று தெரியும். மார்கழியில் இன்னொன்று சேரும்: பஜனைப் பந்தல் சீரியல் செட்டும் கிறிஸ்துமஸ் நட்சத்திரமும். அதற்கு மருந்து ஃப்ளாக்கின் முதுகை அந்தப் பக்கம் திருப்புவதுதான். தெருவோடு சண்டை வேண்டாம்.

உட்கார்ந்து இயக்கும்போது ஆர்எஃப் கெயினைக் குறைத்து, ஏஜிசியை (சிக்னலுக்கு ஏற்பப் பெருக்கத்தைத் தானே மாற்றும் அமைப்பை) வேகமாக வைத்து, ஃபில்டரை 250 முதல் 500 ஹெர்ட்ஸுக்குள் நிறுத்துங்கள். ஏஜிசி மெதுவாக இருந்தால் ஒவ்வொரு இடி வெட்டுக்கும் ரிசீவர் அரை நொடி செவிடாகும். பலவீனமான சிக்னலில் அந்த அரை நொடியில்தான் கால்சைனின் கடைசி எழுத்து போகும். அழைப்பைச் சுருக்கமாகவும் நிதானமாகவும் இரண்டு முறை அனுப்பிவிட்டு, நீண்ட நேரம் கேளுங்கள். எஃப்டி8 என்ற கணினிவழி டிஜிட்டல் முறை வந்தபின் வேலை எளிதாகிவிட்டது என்பது உண்மை. ஆனால் 160இல் அதன் வழக்கமான 1840 கிலோஹெர்ட்ஸ் உங்கள் உரிமத்தின் எல்லைக்குள் வருகிறதா என்று பார்த்துவிட்டே அனுப்புங்கள், வராவிட்டால் கேட்க மட்டும். பாதையைச் சோதிக்க நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழக இணைய ரிசீவரில் உங்கள் சிடபிள்யூ கேட்கிறதா என்று பார்ப்பது நல்ல பழக்கம். அங்கே கேட்டு, இங்கே பதில் கேட்கவில்லையென்றால் பவரைத் தொட வேண்டாம். இரைச்சல் பக்கம் திரும்புங்கள்.

கோடை இடி தொடங்கும் முன் எல்லாக் கேபிள்களையும் ஷேக்குக்கு (ரேடியோ அறைக்கு) வெளியே பிடுங்கி எர்த்தில் மாட்டுங்கள். பெவரேஜின் ரெசிஸ்டரை ஒவ்வொரு இடிமழைக்குப் பின்னும் அளந்து பாருங்கள். தொலைவில் விழுந்த மின்னலே அதைக் கருக்கிவிடும், கம்பி அப்படியே இருப்பதால் தெரியாது. அறுவடை முடிந்த நிலத்தில் இரவல் வாங்கிக் கட்டியதாக இருந்தால், சித்திரை மழைக்கு உழவு ஓட்டுமுன் சுருட்டிவிடுங்கள். டிராக்டர் கலப்பையில் சுற்றினால் கம்பியோடு அடுத்த வருஷ அனுமதியும் போகும்.